மூன்றாம் நாளில் காய்ச்சல் நின்றது. பதினான்கு நாள் மாத்திரை எதற்கு?



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் கனரக வாகன முனையத்தின் அருகே வசிக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் கடுங்குளிருடன் கூடிய காய்ச்சலோடு எங்கள் பிரிவுக்கு வந்தார். ஒடிசாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று திரும்புவது அவருடைய வழக்கம். மூன்று மாதங்களுக்கு முன்பும் இதே போன்ற காய்ச்சல் வந்ததாகவும், இரத்தப் பரிசோதனையில் வைவாக்ஸ் மலேரியா என்று கண்டறிந்து மருந்து கொடுத்ததாகவும் சொன்னார். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிட்டது. அவரும் வண்டியேறிவிட்டார்.

உடன் வந்திருந்த மனைவி கேட்டார்: "அதுக்கப்புறம் இவரு ஊரை விட்டே போகலை டாக்டர். வீட்டுல வலை கட்டித்தான் படுக்கிறோம். பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லை. இவருக்கு மட்டும் எப்படி மறுபடியும் வந்தது?" சற்று நேரம் கழித்து அவரே, "பதினாலு நாளைக்குக் கொடுத்த மாத்திரையில பாதி அலமாரியிலேயே கிடக்குது" என்றார்.

அவருடைய கேள்விக்கான விடை அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அந்த மாத்திரையை ஏன் முடித்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. காய்ச்சல் நின்ற பின்னும் பதினொரு நாள் மருந்து உண்ண வேண்டுமென்றால் அதற்குரிய காரணம் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காரணம் மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியில் அடங்கியிருக்கிறது. அதனைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயை உண்டாக்குவது எது?

மலேரியாவை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் அழைத்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள், முறை வைத்தாற்போல் வந்து போவதால் அப்பெயர் ஏற்பட்டது. ஐரோப்பியர் இதனைச் சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றினால் வரும் நோய் என எண்ணினர். 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள்.

1880ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவரான், நோயாளி ஒருவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதில் அசையும் உயிரொன்றைக் கண்டார். மலேரியாவுக்குக் காரணம் காற்றன்று, இரத்தத்தில் வாழும் ஓர் ஒட்டுண்ணி என்பது அன்று வெளிப்பட்டது. பிளாஸ்மோடியம் எனப்படும் இந்த ஒட்டுண்ணி ஒரே ஓர் உயிரணுவால் ஆனது. மனிதரைத் தாக்கும் அதன் வகைகளுள் நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு. ஒன்று வைவாக்ஸ். மற்றொன்று ஃபால்சிபாரம்.

இந்த ஒட்டுண்ணிக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று மனித உடல். மற்றொன்று அனாபிலிஸ் என்னும் வகையைச் சேர்ந்த பெண் கொசு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அதன் வாழ்க்கை முற்றுப்பெறாது. ஆண் கொசு இரத்தம் குடிப்பதில்லை. பெண் கொசுவே முட்டைகளை வளர்ப்பதற்காக இரத்தத்தை நாடுகிறது.

முதல் நிலை: கல்லீரலில் ஒரு மறைவிடம்

ஒட்டுண்ணியைச் சுமந்துள்ள கொசு நம்மைக் கடிக்கும்போது, இரத்தம் உறையாதிருக்கத் தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. அந்த உமிழ்நீருடன் ஊசி போன்ற மெல்லிய வடிவங்கொண்ட ஒட்டுண்ணிகளும் நுழைகின்றன. இவற்றுக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். பெரும்பாலும் சில பத்து ஒட்டுண்ணிகளே இவ்வாறு நுழைகின்றன. இரத்த ஓட்டத்தை அடைந்தவை சிறிது நேரத்திலேயே கல்லீரலை எட்டி, அங்குள்ள உயிரணுக்களுக்குள் புகுந்து மறைகின்றன.

அடுத்த ஒரு வாரமளவும் நோயாளிக்கு எந்தத் துன்பமும் இராது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் கல்லீரலுக்குள் ஒவ்வோர் ஒட்டுண்ணியும் பிளந்து பெருகி, ஆயிரக்கணக்கான புதிய ஒட்டுண்ணிகளாகின்றது. பின்னர் அவை கல்லீரலை விட்டு வெளியேறி இரத்தத்தில் கலக்கின்றன. கொசு கடித்த நாளுக்கும் காய்ச்சல் தோன்றும் நாளுக்கும் இடையில் ஏறத்தாழ 10 முதல் 15 நாள்கள் கழிவது இதனால்தான்.

ஆகவே வெளியூர் சென்று திரும்பியவருக்கு இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், 'ஊரிலிருந்து வந்து இத்தனை நாளாயிற்றே' என்று எண்ணி அப்பயணத்தை மறந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் முதலில் கூற வேண்டிய செய்தி அதுவே.

இரண்டாம் நிலை: இரத்தத்தில் 48 மணி நேரக் கணக்கு

கல்லீரலிலிருந்து வெளிவந்த ஒட்டுண்ணிகள் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களுக்குள் நுழைகின்றன. நம் உடல் முழுவதும் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினே இவற்றுக்கு உணவு. உண்டு வளர்ந்து, பத்து இருபது ஒட்டுண்ணிகளாகப் பிரிந்து, இறுதியில் சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. வெளியேறியவை உடனே புதிய சிவப்பணுக்களைத் தேடிப் புகுகின்றன. இந்த ஒரு சுற்றுக்கு வைவாக்ஸ், ஃபால்சிபாரம் ஆகிய இரண்டிலும் ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகிறது.

இலட்சக்கணக்கான சிவப்பணுக்கள் ஒரே நேரத்தில் உடையும்போது அவற்றிலிருந்த கழிவுப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றுக்கு எதிராகக் கிளர்ந்தெழுகிறது. அப்போது தோன்றுவதே மலேரியாக் காய்ச்சல். முதலில் பற்கள் கிட்டும்படியான குளிர். எத்தனை போர்வை போர்த்தினாலும் நடுக்கம் அடங்காது. அடுத்துச் சில மணி நேரம் உடல் கொதிக்கும். தலைவலியும் வாந்தியும் சேரும். பின்னர் படுக்கை நனையுமளவு வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். மறுநாள் நோயாளி சோர்ந்திருந்தாலும் நலமாகிவிட்டாற்போல் தோன்றுவார். அடுத்த நாள் மீண்டும் குளிர் தொடங்கும்.

எல்லோருக்கும் இந்த முறை இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. முதல் சில நாள்களிலும், ஃபால்சிபாரம் வகையிலும், குழந்தைகளிடத்தும் காய்ச்சல் நாள்தோறும் வரலாம், விடாமலும் அடிக்கலாம். எனவே 'முறை வைத்து வரவில்லை, ஆகையால் மலேரியா இல்லை' என்று முடிவு செய்வது தவறு.

சிவப்பணுக்கள் தொடர்ந்து அழிவதால் இரத்தசோகை உண்டாகிறது. உடைந்த அணுக்களை வடிகட்டி அகற்றும் மண்ணீரல் வீங்குகிறது. தட்டணுக்களின் எண்ணிக்கையும் குறைகிறது. தட்டணு குறைந்தாலே டெங்கு என்று அஞ்சும் வழக்கம் நம்மிடையே உள்ளது. மலேரியாவிலும் அது குறையும் என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாம் நிலை: மீண்டும் கொசுவுக்கு

சிவப்பணுக்களில் வளரும் ஒட்டுண்ணிகளுள் சில, மேலும் பெருகாமல் ஆண், பெண் வடிவங்களாக மாறி இரத்தத்தில் காத்திருக்கின்றன. இவற்றால் நோயாளிக்குக் காய்ச்சல் வருவதில்லை. இவை காத்திருப்பது அடுத்த கொசுவுக்காக. நோயாளியை அனாபிலிஸ் கொசு கடித்து இரத்தம் உறிஞ்சும்போது இவையும் அதன் வயிற்றை அடைகின்றன. அங்கே ஆணும் பெண்ணும் இணைந்து, வயிற்றின் சுவரில் சிறு கொப்புளம் போல் வளர்ந்து, அதனுள் பல்லாயிரம் ஊசி வடிவ ஒட்டுண்ணிகள் உருவாகின்றன. கொப்புளம் வெடித்ததும் அவை கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. நம் நாட்டின் வெப்பநிலையில் இதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் ஆகும். அதன்பின் அக்கொசு கடிக்கும் ஒவ்வொருவருக்கும் நோய் பரவக்கூடும்.

இந்த உண்மை நம் நாட்டில்தான் கண்டறியப்பட்டது. இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்த ஆங்கிலேய இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் காணப் பல ஆண்டுகள் உழைத்தார். 1897ஆம் ஆண்டின் முற்பகுதியில் நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் ஆராய்ச்சிக்குச் சென்றபோது அவரையே மலேரியா பற்றியது. உடல் தேறியபின் செகந்தராபாத் திரும்பிய அவர், அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். இன்றும் அந்நாள் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது. ராஸுக்கு 1902இலும் லாவரானுக்கு 1907இலும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோயாளியின் குடும்பத்தார் இந்நிலையிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. கொசுவலை நலமாயிருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று; காய்ச்சலில் கிடப்பவருக்கும் அது கட்டாயம் தேவை. அவரை கொசு கடிக்காதிருந்தால் அவரிடமிருந்து நோய் பிறருக்குச் செல்லும் வழி அடைபடும்.

உறங்கும் ஒட்டுண்ணி

இப்போது லாரி ஓட்டுநரின் மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம்.

கல்லீரலில் நுழைந்த வைவாக்ஸ் ஒட்டுண்ணிகள் அனைத்தும் ஒரு வாரத்தில் பெருகி வெளியேறுவதில்லை. அவற்றுள் சில அங்கேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கிவிடுகின்றன. மருத்துவ நூல்கள் இவற்றை ஹிப்னோசோயிட் என்கின்றன. உறங்கும் உயிர் என்பது அதன் பொருள். வாரக்கணக்கில், சிலரிடம் பல மாதங்கள் கழித்தும்கூட, இவை விழித்தெழுந்து பெருகி மீண்டும் இரத்தத்தில் கலக்கும். அப்போது புதிய கொசுக்கடி எதுவும் இல்லாமலே மலேரியா திரும்ப வரும்.

வயலில் கோரைப்புல்லை மேலே அறுத்துவிட்டால் அன்றைக்கு நிலம் தூய்மையாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அடுத்த மழைக்கு அது தழைக்கும். வைவாக்ஸ் மலேரியாவும் அத்தன்மையதே.

மலேரியாவுக்கு நாங்கள் தரும் மருந்துகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் வேலை செய்கின்றன. மூன்று நாள் தரப்படும் குளோரோகுயின் இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியை அழிக்கிறது. அதனால் காய்ச்சல் நிற்கிறது. ஆனால் கல்லீரலில் உறங்குவனவற்றை அது தொடுவதே இல்லை. அவற்றை அழிப்பது பிரைமாகுயின் என்னும் மாத்திரை. அதனை நாள்தோறும், தவறாமல், 14 நாள் உண்ண வேண்டும். மூன்று நாளில் நிற்பது காய்ச்சல். பதினான்கு நாளில் தீர்வது நோய்.

வீட்டில் கொசு இல்லாதபோதும் அவருக்கு மட்டும் காய்ச்சல் வந்ததன் காரணம் இதுவே. நோய் வெளியிலிருந்து வரவில்லை. மூன்று மாதமாக அவரது கல்லீரலிலேயே இருந்தது. இம்முறை அவர் 14 நாளும் மாத்திரையை உண்டு முடித்தார். நாள்தோறும் நாட்காட்டியில் குறியிட்டது அவருடைய மனைவி.

இரண்டு வகை, இரண்டு ஆபத்து

ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்குவதில்லை. அதன் ஆபத்து வேறு வகையானது. வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களையே தாக்கும். ஃபால்சிபாரம் எல்லா வயதுச் சிவப்பணுக்களையும் தாக்கும். ஆகவே அது மிக விரைவாகப் பெருகும். மேலும், அது புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்கின்றன. மூளையில் இவ்வாறு நேர்ந்தால் நினைவு தடுமாறும், வலிப்பு வரும், மயக்கம் ஏற்படும். சிறுநீரகம் செயலிழக்கலாம். நுரையீரலில் நீர் கோக்கலாம். இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரெனக் குறையலாம். சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து நேரும். உலகில் ஆண்டுதோறும் மலேரியாவால் இறக்கும் ஏறத்தாழ 6 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் கண்டத்தினர். அவர்களுள் பெரும்பகுதியினர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். அங்குள்ள மலேரியாவின் பெரும்பங்கு ஃபால்சிபாரம் வகையே.

வைவாக்ஸை எளிதானது என்று எண்ணிவிடவும் கூடாது. சிலரிடம் அதுவும் கடுமையாகலாம். திரும்பத் திரும்ப வந்து இரத்தத்தைக் குறைத்து, உழைப்பவரின் உடலையும் குடும்பத்தின் வருவாயையும் சிதைக்கலாம்.

கருவுற்ற பெண்களுக்கு இரு வகையும் ஆபத்தானவை. தாய்க்குக் கடும் இரத்தசோகையும், குழந்தைக்கு எடைக்குறைவும், சில வேளை கருச்சிதைவும் நேரலாம்.

ஆகவே பரிசோதனை அறிக்கையைப் பெறும்போது 'மலேரியா உண்டு' என்பதோடு நிறுத்தாமல், 'எந்த வகை?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருவகையும் சேர்ந்தும் இருக்கலாம். ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கலந்த கூட்டு மருந்து மூன்று நாள் தரப்படுகிறது. அதனுடன் ஒரே ஒரு வேளை பிரைமாகுயினும் தருகிறோம். இரத்தத்தில் கொசுவுக்காகக் காத்திருக்கும் வடிவங்களை அழிக்க அது உதவும். ஒரே பெயருடைய மாத்திரை ஒருவருக்கு ஒரு நாளும் மற்றொருவருக்கு 14 நாளும் தரப்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். அடுத்த வீட்டாரின் மருந்துச் சீட்டைப் பார்த்து நம் மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

பிரைமாகுயின்: யாருக்கு எச்சரிக்கை தேவை?

சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். பெண்களைவிட ஆண்களிடம் இக்குறை மிகுதி. இவர்கள் பிரைமாகுயின் உண்டால் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தம் வேகமாகக் குறையக்கூடும். ஆகவே மருந்தைத் தொடங்குமுன் இதற்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறையிருப்பவருக்குச் சிகிச்சை இல்லையென்று கருத வேண்டா. மருத்துவரின் கண்காணிப்பில் வாரம் ஒரு முறை என்ற கணக்கில் 8 வாரம் தரும் முறை உண்டு.

மாத்திரை உண்ணும் நாள்களில் சிறுநீர் கறுந்தேநீர் போன்ற நிறமாக மாறினாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தருவதில்லை. பாலூட்டும் தாய்மார் அதனை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். கருவுற்றவருக்கு வைவாக்ஸ் வந்தால் இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியை மட்டும் அழித்துப் பேறுகாலம் வரை கவனித்து, உறங்கும் ஒட்டுண்ணிக்கான மருந்தைப் பின்னர் தருவோம். மகப்பேறு முடிந்து மாதங்கள் கடந்தபின் இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். குடும்பத்தார் நினைவூட்ட வேண்டும்.

காய்ச்சல் கண்டால் செய்ய வேண்டியவை

1. குளிருடன் காய்ச்சல் வந்தால் அன்றே, அல்லது மறுநாளேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கலாம். விரைவுப் பரிசோதனை அட்டையில் ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடிவு தெரியும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கும்.

2. குளிர் வரும் வேளைக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்நேரத்திலும் இரத்தம் எடுக்கலாம்.

3. முதல் பரிசோதனையில் ஒட்டுண்ணி இல்லையென்று வந்தும் காய்ச்சல் தொடர்ந்தால், அடுத்த ஓரிரு நாளில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

4. கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்பதைத் தவிர்க்க. அரைகுறை மருந்து காய்ச்சலை அடக்கி நோயை மறைத்துவிடும்.

5. கடந்த சில மாதங்களில் சென்று வந்த ஊர்களையும், முன்பு மலேரியா வந்திருந்தால் அதனையும், அப்போது 14 நாள் மருந்தை முடித்தீர்களா என்பதையும் மறைக்காமல் கூறுக. முடிக்காதவரை யாரும் குறைகூற மாட்டோம். அந்த ஒரு செய்தி எங்கள் சிகிச்சையையே மாற்றும்.

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வருக: நினைவுத் தடுமாற்றம் அல்லது அளவற்ற தூக்கம், வலிப்பு, எழுந்து உட்காரவும் இயலாத தளர்ச்சி, விடாத வாந்தி, மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல், சிறுநீர் மிகக் குறைதல் அல்லது கறுத்தல், எங்கேனும் இரத்தக் கசிவு, குழந்தை பால் குடிக்க மறுத்தல்.

பராமரிப்போர் கவனத்திற்கு

மருந்தை வெறும் வயிற்றில் தர வேண்டாம். வயிற்றுவலியாலும் குமட்டலாலும் பலர் பிரைமாகுயினைப் பாதியில் விடுகின்றனர். இட்லியோ கஞ்சியோ சிறிது உண்டபின் தந்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். மருந்து உண்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அவ்வேளை மருந்தை மீண்டும் தர வேண்டியிருக்கும். மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொள்க.

நாட்காட்டியில் மாத்திரை தொடங்கிய நாளையும் முடியும் நாளையும் வட்டமிட்டு வையுங்கள். வேலைக்கு வெளியூர் செல்பவரானால் மீதி மாத்திரையை எண்ணிப் பையில் வைத்து அனுப்புங்கள். ஓரிரு நாள் தவறிவிட்டால் தாமாகவே இரட்டை அளவு உண்ணாமல் எங்களிடம் கேட்க வேண்டும்.

காய்ச்சல் மிகும்போது கனத்த போர்வையை அகற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைக்கலாம். கஞ்சி, இளநீர், மோர், ரசம் போன்றவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க. பத்தியம் என்று உணவைக் குறைக்க வேண்டாம். இரத்தம் குறைந்த உடலுக்குக் கீரை, பருப்பு, முட்டை, மீன் யாவும் வேண்டும். வீட்டில் வேறு எவருக்கேனும் காய்ச்சல் இருந்தால் அவருக்கும் பரிசோதனை செய்க. நலமடைந்தபின் இரத்த தானம் செய்ய விரும்புவோர் மலேரியா வந்திருந்ததை இரத்த வங்கியில் தெரிவிக்க வேண்டும்.

நம் ஊரும் கொசுவும்

அனாபிலிஸ் கொசு பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். சாக்கடை நீரைவிடத் தெளிந்த நீரையே நாடும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு, மூடியில்லாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் கட்டடப் பணியிடத்து நீர்த் தொட்டியிலும் முட்டையிடுகிறது. 'எங்கள் தெருவில் சாக்கடையே இல்லை' என்பது மலேரியாவுக்கு எதிரான காப்பு ஆகாது. மாடித் தொட்டியின் மூடியைச் சரிபார்ப்பதே காப்பு.

புதுச்சேரி இந்திரா நகரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் 1975 முதல் இயங்கிவரும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இத்துறையில் பெரும்பணி ஆற்றியுள்ளது. நம் கடலோர ஊர்களில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்ற வெட்டப்பட்ட குழிகளிலும், பாசி படர்ந்த உப்பங்கழிகளிலும் மலேரியாக் கொசு வளர்வதை அதன் ஆய்வாளர்கள் கண்டறிந்து, ஊர்மக்களின் துணையோடு குழிகளில் மீன் விடுதல், பாசியை அகற்றுதல் போன்ற வழிகளை மேற்கொண்டனர். கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாவைக் கொண்டு மருந்தும் உருவாக்கினர். நோய் மருத்துவமனையில் மட்டும் தீர்வதன்று, ஊரிலும் தீர்க்கப்பட வேண்டியது என்பதற்கு இப்பணி சான்று.

பாதியில் விட்டால் என்ன ஆகும்?

மருந்தைப் பாதியில் நிறுத்திய தனிமனிதருக்கு நேர்ந்தது நாடுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டதாகவும் 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பயனாக 1965இல் நோயாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்று கவனம் தளர்ந்தது. கொசுக்களும் டி.டி.டி. மருந்துக்குப் பழகின. 1976இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது.

அண்டை நாடான இலங்கையின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். 1934-35இல் அங்கு ஏற்பட்ட மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பெருமுயற்சியால் 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே என்ற நிலை வந்தது. மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் எண்ணிக்கை 5 லட்சத்தைக் கடந்தது. இலங்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து உழைத்தது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் பணி நிற்கவில்லை. 2012 அக்டோபருக்குப் பின் 2016 வரை உள்நாட்டில் தொற்றிய நோயாளர் ஒருவரும் இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதன் பின்னரும் வெளிநாட்டிலிருந்து வருவோரின் காய்ச்சலை அவர்கள் பரிசோதிப்பதை நிறுத்தவில்லை.

2030க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. வைவாக்ஸ் நோயாளி ஒருவர் உண்ணாமல் விட்ட மாத்திரை, அவருடைய வீட்டிலிருந்து மீண்டும் ஒரு சுற்றைத் தொடங்கி வைக்கும். அவர் உண்டு முடித்த மாத்திரையோ அச்சுற்றை அங்கேயே அறுத்துவிடும்.

உங்கள் வீட்டு அலமாரியில் பாதியில் விட்ட பிரைமாகுயின் அட்டை ஏதேனும் இருந்தால், அதனைத் தாமாகவே மீண்டும் உண்ணத் தொடங்க வேண்டாம். தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். அடுத்த முறை வரும்போது பழைய மருந்துச் சீட்டுடன் அதனையும் எடுத்து வாருங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.